வாசலில் கிடந்த சப்பாத்துகள்

இன்று காலை என் சொந்த அறைக்குள் என்னால் நுழைய முடியவில்லையடி. வாசல் முழுக்கச் சப்பாத்துகள். வெள்ளை, கறுப்பு, நாடா அவிழ்ந்தது, குதிகால் தேய்ந்தது, பச்சை ரப்பர் செருப்பு ஒரு ஜோடி. யாரோ அவசரத்தில் உதறியதில் ஒன்று படியில் மல்லாந்து கிடந்தது. தாண்டிப் போகப் பார்த்தேன். கால் வைக்க இடமில்லாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நின்ற இடத்திலேயே சிரித்துவிட்டேன். கரிபாப் பலகாரத் தட்டோடு அந்தப் பக்கம் போன கேண்டீன் அண்ணன், "என்னா டீச்சர், ஓசிச் சாப்பாடா போடுறீங்க?" என்று கேட்டார். "அதவிடப் பெரிய விஷயம்ணே" என்றேன். அவருக்குப் புரியவில்லை. உனக்குத்தான் புரியும். அதனால்தான் மற்ற வேலையை எல்லாம் ஒதுக்கிவிட்டு உனக்கு எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் புதுச் செய்தி. நம் ஆலோசனை அறை மாடியிலிருந்து கீழே வந்துவிட்டது. கேண்டீனுக்குப் பக்கத்தில், வேப்பமரத்தைப் பார்த்தபடி, தனி வாசலோடு. கட்டொழுங்குப் பிரிவும் இல்லை, கட்டண முகப்பும் இல்லை. இந்த வாரம்தான் திறந்தோம். இன்று முதல் குழு அமர்வு. பரீட்சைக்கு முன் தூக்கம் வராதவர்கள் சேர்ந்து உட்கார்ந்து பேசுவதற்கு. நாலைந்து பேர் வந்தால் போதும் என்று நினைத்து அதற்குத் தகுந்தபடி நாற்காலி போட்டிருந்தேன். வந்த கூட்டத்தைப் பார்த்துவிட்டுக் கேண்டீனிலிருந்து நாற்காலி இரவல் வாங்கினோம். இதை நீ பார்த்திருந்தால் மேசை மேல் ஏறி ஆடியிருப்பாய். பொய் சொல்லாதே, ஆடியிருப்பாய்.

நாம் இருவரும் இந்தக் கல்லூரியில் ஒரே மாதத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். நான் புக்கிட் மெர்தாஜாமிலிருந்து தினமும் கடல் தாண்டித் தீவுக்கு வருகிறவள். நீ ஜார்ஜ்டவுனில் பிறந்து, உன் அத்தாவின் நாசி கண்டார் சோற்றுக் கடைக் குழம்பு வாசத்திலேயே வளர்ந்தவள். உன் உடுப்பில் காலையிலேயே அந்த வாசம் இருக்கும். "செண்டு வேற போடணுமாடி? இதுவே போதும்" என்பாய். நமக்கு ஒதுக்கிய அறையைப் பார்த்தபோது நான் சோர்ந்து போனேன். மாடி நடைவழியில் ஒரு பக்கம் கட்டொழுங்குப் பிரிவு, எதிரே கட்டணம் கட்டும் வரிசை. கண்ணாடிக் கதவு. நீதான் இடுப்பில் கை வைத்து நின்று, "ரூமா இது? மீன் தொட்டி. இரு, வீடாக்குறேன்" என்றாய்.

ஆக்கினாய். மறுநாளே உங்கள் வீட்டுக் கூடத்துக் கார்ப்பெட்டைச் சுருட்டித் தூக்கிக்கொண்டு வந்தாய். கண்ணாடிக்கு உள்பக்கமாகத் தாள் ஒட்டினாய். மேசைமேல் ஒரு பெரிய ஜாடி நிறைய ஜெருக் வைத்தாய்: மாங்காயும் ஜாதிக்காயும் உப்பிலும் சீனியிலும் ஊறிக் கண்ணைக் கூச வைக்கும் அந்தப் புளிப்புத் துண்டுகள். "புளிப்புப் பட்டா மூஞ்சி கோணும். கோணுன மூஞ்சிய வச்சிக்கிட்டு எவளும் நல்லாருக்கேன்னு நடிக்க முடியாது" என்பது உன் சித்தாந்தம். பிறகு வாசலில் ஒரு சின்ன அட்டையை மாட்டினாய்: சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே வரவும். நம் ஊரில் யார் வீட்டுக்குள் சப்பாத்தோடு போவார்கள்? வருகிறவர்களுக்கு வீட்டு நினைப்பு வர வேண்டும் என்றாய். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. இரண்டு பேரும் நம் சாமர்த்தியத்தை நாமே மெச்சிக்கொண்டு தே தாரிக் குடித்தோம்.

யாரும் வரவில்லை. வருவார்களா? இடைநிலைப்பள்ளியில் ஆலோசக ஆசிரியர் கூப்பிடுகிறார் என்றால் என்ன அர்த்தம் என்று நம் பிள்ளைகளுக்குத் தெரியும். சிகரெட் பிடித்திருக்க வேண்டும், அல்லது பள்ளிக்கு மட்டம் போட்டிருக்க வேண்டும். அந்த நினைப்போடுதான் கல்லூரிக்கும் வந்தார்கள். நம் வாசலைத் தாண்டும்போது தலையைத் திருப்பிக்கொண்டு வேகமாக நடந்தார்கள். நீ ஒருநாள் நடைவழியில் நின்று, "ஒண்ணும் பண்ண மாட்டோம் லா, வாங்க!" என்று கூவினாய். அதில் இன்னும் வேகமாக ஓடினார்கள்.

அப்படிப்பட்ட நேரத்தில் தானாக வந்தவள் ஷாமினி. அவளைப் பற்றி உனக்கு எழுதுவதற்கு அவளிடமும் அவள் அம்மாவிடமும் கேட்டுவிட்டேன், பயப்படாதே. கேட்காமல் எழுதினால் நீ எழுந்து வந்து என்னை உதைப்பாய் என்று தெரியாதா? "எழுதுங்க மிஸ். புது மாணவருங்க முன்னால மைக் புடிச்சே சொல்லிட்டேன், இதுல என்னா" என்று சிரித்தாள்.

வகுப்பில் எழுந்து நின்று பேச வேண்டிய நாள் வந்தால் அவளுக்குக் கை நடுங்கும், நெஞ்சு அடைக்கும், மூச்சு போதாது. செத்துவிடுவோம் என்றே தோன்றுமாம். அந்தப் பயம் வரக்கூடாது என்று வகுப்புக்கே போகாமல் இருக்க ஆரம்பித்தாள். கல்லூரியை விட்டுவிடலாமா என்ற நினைப்போடுதான் நம்மிடம் வந்தாள். தகப்பன் இல்லாத பிள்ளை; பாலம் தாண்டி அந்தக் கரையில், சிம்பாங் அம்பாட்டில் அம்மாவும் அவளும் மட்டும். அம்மாவுக்குத் தீவில், பாயான் பாரு பக்கம் மின்னணுத் தொழிற்சாலையில் ஷிப்டு வேலை. "அம்மாவுக்குத் தெரிஞ்சா ஒடஞ்சிருவாங்க மிஸ்" என்பதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னாள். நீ அவளைப் பேசு என்று நெருக்கவில்லை. மூச்சை மெதுவாக விடச் சொல்லிக் கொடுத்தாய். காலி நாற்காலிகளைப் பார்த்துப் பேச வைத்தாய். பிறகு ஒரு நாற்காலியில் என்னை உட்கார்த்தி வைத்தாய். "செல்வி மிஸ்ஸும் நாக்காலியும் ஒண்ணுதான், பேசு" என்றாய். அவள் சிரித்துக்கொண்டே பேசி முடித்தாள். கொஞ்சம் கொஞ்சமாக வகுப்புக்கும் போகத் தொடங்கினாள்.

அப்புறம் ஒருநாள் சப்பாத்தைப் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கையோடு உள்ளே கொண்டுவந்தாள். ஏன் என்று நீ கேட்டாய். அவள் கைப்பேசியை நீட்டினாள். அவளுடைய சப்பாத்து எல்லாருக்கும் தெரியும். வெள்ளைத் துணியில் அவளே வரைந்த சூரியகாந்திப் பூக்கள். அந்தச் சப்பாத்து நம் வாசலில் கிடப்பதை எவனோ படம் பிடித்து வகுப்புக் குழுவில் போட்டிருந்தான். "பைத்தியப் பூ" என்று கீழே எழுதி, சிரிக்கிற முகங்களாக அடுக்கியிருந்தார்கள்.

உன் முகம் சிவந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். கண்ணாடிக்குத் தாள் ஒட்டினோம், குரல் வெளியே கேட்காமல் பார்த்துக்கொண்டோம், யார் வந்தார்கள் என்று விரிவுரையாளர்களுக்குக்கூடச் சொல்லாமல் வாயைப் பூட்டினோம். ஆனால் வருகிறவர்களின் பெயரைச் சப்பாத்தாக வாசலில் வரிசை வைத்துவிட்டோம். வேறு தேசத்துக்காரர்கள் இப்படி மாட்டிக்கொள்ள மாட்டார்கள். அவர்கள்தான் படுக்கை வரைக்கும் சப்பாத்தோடு போகிறவர்களாயிற்றே. அட்டையை நீ அன்றே பிய்த்து எறிந்தாய். ஆனால் படம் அதற்குள் பாலம் தாண்டிவிட்டது. ஷாமினியின் வகுப்பில் அவளுடைய மாமா மகள் ஒருத்தி படித்தாள். அவள் வழியாகச் சிம்பாங் அம்பாட்டுக்குப் போய்ச் சேர்ந்தது.

மறுநாள் காலை அந்த அம்மா வந்தார். இரவு ஷிப்டு முடிந்த கையோடு, தொழிற்சாலை உடுப்பு மாற்றாமல், வீட்டுக்குப் போகிற பஸ்ஸை விட்டுவிட்டு வந்திருந்தார். அட்டை இல்லாவிட்டால் என்ன, கார்ப்பெட்டைப் பார்த்ததும் பழக்கத்தில் சப்பாத்தை வாசலில் கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே வந்தார்.

"டீச்சர், எம்புள்ள என்னா தப்பு பண்ணிட்டா? எதுவா இருந்தாலும் சொல்லுங்க, நான் கண்டிச்சு வைக்கிறேன். காலேஜ விட்டு மட்டும் நிப்பாட்டிராதீங்க."

"மொதல்ல ஒக்காருங்கக்கா. பசியாறிட்டீங்களா?" என்றாய் நீ.

"பசி கெடக்கட்டும். அவ இங்க வர்றாளா, இல்லியா? அத மட்டும் சொல்லுங்க."

"சொல்ல மாட்டேங்கா. வந்தாலும் சொல்ல மாட்டேன், வராட்டியும் சொல்ல மாட்டேன். இங்க யாரு வந்தாங்க, என்னா பேசுனாங்கன்னு இந்த ரூம விட்டு வெளிய போவாது."

"நான் பெத்தவ லா!"

"பெத்தவங்கதான். அதுக்காக நான் ரூல மாத்த முடியுமா? நாளைக்கு உங்க மக வந்து, எங்கம்மா இங்க வந்தாங்களான்னு கேட்டாலும் இதே பதில்தான். நீங்க வந்ததும் வெளிய போவாது."

அந்த அம்மா நாற்காலியில் உட்கார்ந்தார். அறையைச் சுற்றிப் பார்த்தார். "நெசமாவா?" என்றார். அந்தக் குரலே வேறாக இருந்தது. நீ ஜாடியை அவர் பக்கம் தள்ளினாய். யோசனையில் ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டவர் முகம் அப்படியே கோணிக்கொண்டது. கோணின முகம் திரும்ப நேராகவில்லை. அழுதார். புருஷன் போனதிலிருந்து சரியாகத் தூங்கியதில்லை என்றார். "கம்பெனி பஸ் பாலத்து மேல ஏறுச்சுன்னா அழுவேன் டீச்சர். எறங்குறதுக்குள்ள தொடச்சிக்குவேன். மகளுக்குத் தெரிஞ்சா ஒடஞ்சிருவா." மகள் திரும்பத் திரும்பச் சொன்ன அதே சொல். உன்னைப் பார்த்தேன். நீ கண்ணைக்கூட அசைக்கவில்லை, கள்ளி.

அந்த நேரம் பார்த்துத்தான் நடைவழி முனையில் ஷாமினி வருவதை நான் தாள் இடுக்கு வழியாகப் பார்த்தேன். பதறிப்போய் வெளியே ஓடினேன். கையில் முதல் நாள் கொண்டுவந்த அதே பிளாஸ்டிக் பை, காலியாக. முகம் வெளுத்திருந்தது. "மிஸ், சொல்லிட்டுப் போவத்தான் வந்தேன். நான் நின்னுக்கிறேன். இங்கயும் வரல, காலேஜுக்கும் வரல. அந்தப் படம் வீட்டுக்கே போயிருச்சு" என்றாள். "உள்ள உங்கம்மா இருக்காங்க" என்று அவளிடம் சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. சொல்லக் கூடாது. பெற்றவருக்கு மகளைச் சொல்லக் கூடாது என்றால், மகளுக்குப் பெற்றவரையும் சொல்லக் கூடாது. "உள்ள ஆள் இருக்காங்க, கேண்டீன்ல கொஞ்சம் வெயிட் பண்றியா?" என்று உளறினேன். எதிரே கட்டணம் கட்ட நின்றவர்கள் எல்லாரும் எங்களையே பார்த்தார்கள்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. கீழே பார்த்துக்கொண்டிருந்தாள். வாசலில் தொழிற்சாலைக் கறுப்புச் சப்பாத்து ஒரு ஜோடி. ஒன்றில் கறுப்பு நாடா, மற்றதில் சிவப்பு நாடா.

"அது எங்கம்மா சப்பாத்து. அந்தச் செகப்பு நாடா நாந்தான் மாட்டிவிட்டேன்."

"நான் ஒண்ணும் சொல்லல" என்றேன்.

"நீங்க சொல்ல வேணாம் மிஸ்." நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "எங்கம்மாவும் இங்க வர்றாங்களா? அவங்களுக்கும் இப்பிடி இருக்கா?"

அவள் நினைத்தது தப்பு. அந்த அம்மா மகளுக்காகக் கெஞ்சத்தான் வந்தார். ஆனால் அந்த நிமிடத்தில் அது தப்பாகவும் இல்லை; கதவுக்கு அந்தப் பக்கம் அவர் தனக்காகத்தான் அழுதுகொண்டிருந்தார். என்னால் ஆமாம் என்றும் சொல்ல முடியவில்லை, இல்லை என்றும் சொல்ல முடியவில்லை. ஷாமினி பையைச் சுருட்டிப் பாக்கெட்டில் வைத்தாள். வரிசையில் நின்ற அத்தனை பேர் பார்க்க, குனிந்து நாடாவை அவிழ்த்தாள். சூரியகாந்திச் சப்பாத்தை எடுத்து அந்தக் கறுப்புச் சப்பாத்துக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்தாள். கதவைத் தட்டினாள்.

அவள் உள்ளே போனதும் அம்மா வாயில் ஜெருக்கோடு விக்கினாராம். "நான் ஒண்ணுக்கும் வரல, சும்மா பக்கத்துல வந்தேன்" என்றாராம். மகள், "நானும் சும்மாதாம்மா வந்தேன்" என்றாளாம். இதை நீ எனக்குச் சொல்லவில்லை. நீ கடைசி வரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. வருடங்கள் கழித்து அந்த அம்மாவே என்னிடம் சொல்லிச் சிரித்தார்.

போகும்போது அவர், "நானும் வரலாமா டீச்சர்?" என்று கேட்டதை மட்டும் நான் என் காதால் கேட்டேன். இங்கே மாணவர்களைத்தான் பார்க்க முடியும் என்றாய். ஆனால் அதோடு விட்டுவிடவில்லை. அவர் வீட்டுப் பக்கத்து கிளினிக்கில் உனக்குத் தெரிந்த ஒருவருக்கு அங்கேயே போன் போட்டாய். "தனியாப் போவ ஒரு மாதிரி இருந்தா சொல்லுங்க, நான் கூட வர்றேன்" என்றாய். சொன்னபடி போனாய். ஷாமினி கல்லூரியை விட்டு நிற்கவில்லை. அந்தப் படத்தைப் போட்டவன்கூடப் பிறகு நம் கதவைத் தட்டினான். ஆனால் அது அவன் கதை, இங்கே எழுத மாட்டேன்.

அடுத்த வாரம் உன் அத்தா கடையில் தட்டு அடுக்கிய பழைய இரும்பு அலமாரியைச் சுமந்துகொண்டு வந்தாய். கதவுக்கு உள்பக்கம் வைத்து, சப்பாத்து எல்லாம் இனி இதில்தான் என்றாய். சப்பாத்தில் கறி வாசம் அடிக்கும் என்று நான் கிண்டல் செய்தேன். "அடிக்கட்டும். ஒருநாள் இந்த அலமாரியே தேவைப்படாதுடி. வாசல்ல சப்பாத்து குவியும், எவனும் எவனையும் கேக்க மாட்டான். அன்னிக்கு எங்கத்தா கடையில ஒனக்குக் குவா பஞ்சிர்" என்றாய். எல்லாக் குழம்பையும் கலந்து சோறு மூழ்க மூழ்க ஊற்றுவார்களே, அது. உனக்கு அதைவிடப் பெரிய பரிசு உலகத்தில் கிடையாது.

அதற்குள் நீ மௌத்தாகி, எங்களை விட்டே போய்விட்டாய். காய்ச்சல் என்று லீவு போட்டவள் திரும்பி வரவில்லை. நான் மறு வாரமே வேலைக்கு வந்துவிட்டேன். யார் கேட்டாலும், "எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்" என்றேன். ஜெருக் ஜாடியை மட்டும் நிரப்பி வைப்பேன். நான் ஒரு துண்டு எடுத்ததில்லை.

இன்றைக்கு என்ன நடந்தது தெரியுமா? உன் அலமாரியைப் புது இடத்திலும் கதவுக்கு உள்ளேதான் வைத்தேன், ஒளித்து. அது காலியாகக் கிடந்தது. பிள்ளைகள் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. கேண்டீனுக்குப் போகிற வருகிற கூட்டம் முழுக்கப் பார்க்க, வாசலிலேயே கழற்றிப் போட்டுவிட்டுக் கும்மாளமாக உள்ளே போனார்கள். அந்தக் குவியலுக்கு அடியில் முதல் ஜோடி யாருடையது என்று குனிந்து பார்த்தேன். சூரியகாந்தி. புதிதாக வரைந்தது. ஷாமினி இப்போது பட்டம் முடித்து, பதிவு பெற்ற ஆலோசகராக நம் அறையிலேயே வேலைக்கு வந்திருக்கிறாள். இன்றைய அமர்வை நடத்தியது அவள்தான். கை நடுங்கினவள்! அத்தனை பேர் முன்னால் நின்று, "எனக்கு இன்னிக்கும் லேசா நடுங்குது, பாருங்க" என்று கையை நீட்டிக் காட்டினாள். கடைசி நாற்காலியில் நான் நாற்காலியோடு நாற்காலியாக உட்கார்ந்திருந்தேன். எனக்குத் தலைகால் புரியவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

மதியம் அவளை உன் அத்தா கடைக்குக் கூட்டிப் போனேன். இப்போது கடையைப் பார்த்துக்கொள்கிற உன் தம்பி கேட்காமலே குவா பஞ்சிர் ஊற்றினான். சோறு மூழ்கியது. முதல் கவளத்தைப் பிசைந்துகொண்டே இருந்தேன்.

"மிஸ், அவங்களப் பத்தி நீங்க பேசவே மாட்டேங்கிறீங்க" என்றாள் ஷாமினி.

"எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்."

"நானும் இதத்தான் சொல்லிட்டுத் திரிஞ்சேன்." சிரிக்காமல் சொன்னாள். "நான் உங்களப் பார்க்கக் கூடாது மிஸ், ஒண்ணா வேலை செய்றோம். ஆனா புக்கிட் மெர்தாஜாம்ல வேற ஆலோசகர் ஒருத்தங்க இருக்காங்க. இப்பவே போன் போடவா? தனியாப் போவ ஒரு மாதிரி இருந்தா, நான் கூட வர்றேன்."

உன் வார்த்தையை உன் தொனியிலேயே, உன் தம்பி கடையில் உட்கார்ந்து என்னிடம் சொல்கிறாள். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. எதிர் மேசைக்காரர் குழம்பு காரமா என்று கேட்டார். ஆமாம் என்றேன். போன் போடு என்றேன்.

கல்லூரிக்குத் திரும்பியதும் ஜாடியைத் திறந்து ஒரு ஜாதிக்காய்த் துண்டு எடுத்து வாயில் போட்டேன். நீ சொன்னது சரிதான், நடிக்க முடியவில்லை. முகம் கோணினபடியேதான் இதை எழுதி முடிக்கிறேன். நாளைக் காலை எனக்கு நேரம் கொடுத்திருக்கிறார்கள். அது கடைவீதிக்கு நடுவில், மாடிப்படி ஏறினதும் இருக்கிற அறையாம். எங்கள் ஊர்க்காரர்கள் அத்தனை பேரும் போகிற வழி. என் பழைய நீலச் செருப்பு உனக்கே தெரியும், தூரத்திலேயே என்னுடையது என்று தெரிந்துவிடும். அதைத்தான் போட்டுக்கொண்டு போகிறேன். வாசலில் கழற்றி வைப்பேன்.